ஈசல் காலத்தில் பிறந்தவன்

முதல் மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். பாட்டி அரிக்கேன் விளக்கை வாசலில் வைத்து, அதன் கீழே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். வெளிச்சத்தைச் சுற்றிவந்து தண்ணீரில் விழுந்ததையெல்லாம் மறுநாள் காயவைத்து, முறத்தில் புடைத்து இறகை ஊதிவிட்டு, வெறும் சட்டியில் வறுத்துப் பொரியரிசியோடு கலந்து கொடுப்பாள். டவுனில் வளர்ந்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். உகாண்டாவின் வடக்கே வாழும் அச்சோலி மக்களிடம் சொன்னால் சுளிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அது மழைக்காலத்துப் பண்டம். அவர்கள் மொழியில் ஈசலுக்கு ‘ங்வென்’ என்று பெயர். ஈசல் பறக்கிற பருவத்தில் பிறந்த பையனுக்கு ‘ஓங்வென்’ என்று பெயர் வைப்பார்கள்.

டொமினிக் ஓங்வென் என்ற பெயரைச் சில வருடங்களாகப் போர்க்குற்ற வழக்குச் செய்திகளில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அர்த்தம் தெரிந்த அன்றைக்குத்தான், அந்த ஆளுக்கும் ஒரு வாசல், ஒரு மழை, பார்த்துப் பெயர் வைக்க ஒரு வீடு எல்லாம் இருந்திருக்கும் என்பது உறைத்தது.

1987இல் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயது ஒன்பது இருக்கலாம் என்று பின்னாளில் நீதிமன்றம் கணக்குப் போட்டது. பிடித்தது ஜோசப் கோனியின் கூட்டம். ‘இறைவனின் எதிர்ப்புப் படை’, சுருக்கமாக எல்.ஆர்.ஏ., என்று பிற்பாடு உலகத்துக்குத் தெரியவந்த கூட்டம். அவ்வளவு தூரம் நடக்க முடியாத பொடியன் என்பதால், முன்பே பிடிபட்டிருந்த பெரிய பையன்கள் அவனைத் தூக்கிச் சுமந்ததாகச் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிடிபட்டால் உண்மைப் பெயரைச் சொல்லாதே, ஊரைச் சொல்லாதே. ஏனென்றால் பிள்ளை தப்பி ஓடினால் ஊரைத் தேடி வந்து குடும்பத்தை வெட்டுவார்கள். நாம் எல்.கே.ஜி. பிள்ளைக்கு அப்பா பெயரும் போன் நம்பரும் மனப்பாடம் செய்விக்கிறோம், தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று. அங்கே தொலைந்தால் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று பழக்கினார்கள்.

ஒரு படைக்குப் பிள்ளைகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை ரொம்பச் சாதாரணமானது. பெரியவர்கள் வரவில்லை. 1986 ஜனவரியில், அடுத்து அதிபரான முசெவேனியின் கெரில்லாப் படை தலைநகர் கம்பாலாவைப் பிடித்ததும், வடக்கே கிளம்பிய எதிர்ப்புகளில் ஒன்றுதான் கோனியினுடையது. முதலில் கொஞ்சம் ஆதரவு இருந்தது. போகப் போக அச்சோலி மக்களே சலித்துப்போய் விலகினார்கள். அவர்களைத் தண்டிக்கவும் வேண்டும், ஆளும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, அவர்களுடைய பிள்ளைகளைப் பிடிப்பது. பெரியவனுக்கு வீட்டுக்குப் போகிற பாதை தெரியும், கணக்குப் போடுவான், எதிர்த்துக் கேட்பான். சின்னவனுக்குச் சோறு போடுகிறவன்தான் எல்லாம்.

முசெவேனியின் படையும் இதில் சுத்தமில்லை. கம்பாலாவுக்குள் அது நுழைந்தபோது துப்பாக்கி தூக்கிய சிறுவர்களும் கூடவே வந்தார்கள். ‘கடோகோ’ என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். சுவாஹிலியில் பொடியன் என்று அர்த்தம். ஈழத்தில் இயக்கக்காரர்களைப் ‘பொடியள்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு கண்டங்களில் இரண்டு மொழிகள் ஒரே சொல்லைப் பிடித்து வைத்திருப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பிடித்த பிள்ளையைப் படையாளாக்கும் முறை திரும்பி வந்தவர்களின் வாக்குமூலங்களில் அலுக்க அலுக்க ஒரே மாதிரி வருகிறது. முதலில் அடி. பிறகு ஷியா கொட்டை எண்ணெயை நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போலத் தடவி ஒரு சடங்கு. குண்டு துளைக்காது, ஆனால் ஓடினால் ஆவிக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டல். கொள்ளையடித்த மூட்டையைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடை. அப்புறம் தப்பி ஓடப் பார்த்து மாட்டிய ஒருவனை, பெரும்பாலும் கூடப் பிடிபட்டவனையே, மற்றப் பிள்ளைகள் சேர்ந்து அடித்துக் கொல்ல வேண்டும். இதோடு வீட்டுக் கதவு உள்பக்கமாகவும் சாத்திக்கொள்கிறது. இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? இந்த வகையில் 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள் என்பது யுனிசெஃப் மதிப்பீடு.

எண்ணிக்கை நெஞ்சில் நிற்பதில்லை. அபோகே நிற்கிறது. 1996 அக்டோபர் 10 விடிவதற்கு முன், அபோகே என்ற ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிக்குள் புகுந்து 139 மாணவிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். துணைத் தலைமையாசிரியை ராகேலே ஃபஸேரா, இத்தாலிக்காரர், ஒரு ஆசிரியரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் பின்தொடர்ந்து போனார். கூட்டத்தை எட்டிப் பிடித்துத் தளபதியிடம் கெஞ்சினார். 109 பேரைக் கூட்டிக்கொண்டு போ என்று விட்டான். 30 பேரை வைத்துக்கொண்டான். அந்த 109 பேரோடு திரும்பி நடந்த பாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

அந்த 30 பேரில் ஒருத்தியின் தாய் ஆஞ்செலினா அட்யம், தாதி. மற்றப் பெற்றோரோடு சேர்ந்து சங்கம் அமைத்து, வெளிநாடுகள் வரை போய்ப் பேசினார். கோனிக்கு உறுத்தியது. வாயை மூடினால் உன் மகளை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினான். எல்லாப் பிள்ளைகளையும் விடு, இல்லையென்றால் வேண்டாம் என்றார் அவர். இதைத் தியாகம், வீரம் என்று கைதட்டி முடித்துவிடலாம். நான் என் மகளை நினைத்துப் பார்த்தேன், கைதட்ட வரவில்லை. அந்தப் பெண் 2004இல்தான் தப்பி வந்தாள்.

அந்த வருடங்களில் குலு நகரத்தில் சாயங்காலம் ஆனால் சாலை நிறைய பிள்ளைகள் நடந்து வருவார்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து, கக்கத்தில் பாயோ போர்வையோ சுருட்டிக்கொண்டு, பெரியது சின்னதைக் கையில் பிடித்துக்கொண்டு. ஊரில் படுத்தால் ராத்திரி பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று டவுனுக்கு வந்து பேருந்து நிலையத்தில், கடை வாசலில், லாச்சோர் மருத்துவமனை வளாகத்தில் படுத்துத் தூங்கிவிட்டு, விடிந்ததும் எழுந்து மறுபடி நடந்து வீட்டுக்கோ பள்ளிக்கோ போவார்கள். உச்சத்தில், வடக்கின் நகரங்கள் எல்லாம் சேர்த்து, ஒரு இரவுக்கு 40,000 பிள்ளைகள் வரை. பெரியவர்கள் அகதி முகாம்களில் கிடந்தார்கள், 2005 வாக்கில் வடக்கு முழுவதும் ஏறக்குறைய 18 லட்சம் பேர். அரசாங்கமே அடைத்து வைத்த முகாம்கள் அவை. அங்கே காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களைப் பற்றி யாரும் காணொளி எடுக்கவில்லை.

காணொளிக்கு வருகிறேன். 2012 மார்ச் 5 அன்று ‘கோனி 2012’ என்று அரைமணி நேரக் காணொளி ஒன்று அமெரிக்காவிலிருந்து வெளியானது. ஆறே நாளில் 10 கோடிப் பார்வைகள். நானும் பார்த்தேன். கண் கலங்கியது. ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, ‘இந்தக் கொடுமையை எல்லோருக்கும் கொண்டு சேருங்கள்’ என்று ஒரு வரியும் எழுதினேன். 43 லைக் விழுந்தது. அப்போது எனக்கு அது பெரிய எண்ணிக்கை.

மார்ச் 13 அன்று அதே காணொளியை உகாண்டாவின் லிரா நகரத்தில், திறந்த வெளியில் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். தங்கள் கதையை உலகமே பார்க்கிறதாமே, நாமும் பார்ப்போம் என்று வந்தவர்கள். காணாமல் போன பிள்ளையின் அம்மாக்கள், கை கால் இழந்தவர்கள். திரையில் தெரிந்தது அமெரிக்காவில் ஒரு அப்பா தன் சின்ன மகனுக்குக் கோனி யார் என்று விளக்கும் காட்சி. பிறகு கோனியின் பெயர் அச்சடித்த சட்டை, வளையம், போஸ்டர். கூட்டம் கொதித்துப் போய்க் கல்லெறிந்தது. காட்சி பாதியில் கலைந்தது. எங்கள் பிள்ளைகளைத் தின்றவன் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு அலைவதா என்பது அவர்கள் கோபம். அதற்கு ஆறு வருடம் முன்பே கோனி உகாண்டாவை விட்டுப் போய்விட்டான் என்பதைக்கூடக் காணொளி போகிற போக்கில்தான் சொல்லும்.

மார்ச் 14 அன்று, மறுநாள், தி ஹேக் நகரத்தில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே முதல் தீர்ப்பைச் சொன்னது. கொங்கோவைச் சேர்ந்த தாமஸ் லுபங்கா குற்றவாளி. குற்றம், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்துப் போரில் ஈடுபடுத்தியது. ஜூலையில் 14 வருடத் தண்டனை. சிறுவர் போராளிகளைப் பற்றி உலகமே பேசிய அதே பத்து நாளுக்குள் வந்த தீர்ப்பு. அதைப் பகிர்ந்த ஒருவரைக்கூட என் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. நானும் பகிரவில்லை. எனக்கே தெரியாது.

அந்த ஏப்ரலில் எங்கள் ஊருக்கு வெளியே இருந்த இலங்கை அகதிகள் முகாமில் ஒரு அக்காவிடம் அம்மாவின் ஜாக்கெட் வாங்கப் போனேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கிய புதுசு என்ற பெருமையில் டேப்லெட்டை எடுத்துக் காணொளியிலிருந்த படங்களைக் காட்டினேன். துப்பாக்கி பிடித்த சின்னப் பையன்கள். ஊக்குத் தைத்துக்கொண்டே பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இதைப் பாக்க ஆப்பிரிக்காவுக்கே போகோணும் தம்பி?” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“எனக்குப் பதினாறு வயசிலை தாலி ஏறினது ஏனெண்டு நினைக்கிறீங்கள்? கலியாணம் கட்டினால் இயக்கம் பிடிக்காது எண்டு அம்மா அவசரமாக் கட்டி வைச்சவ. அவரை நான் வடிவாப் பாத்ததே போட்டிலை ராமேஸ்வரம் வரேக்கைதான்.”

தம்பி ஒருவன் இருந்தான். 15 வயது. பகலெல்லாம் பங்கருக்குள் ஒளித்து வைத்திருந்தும் 2007இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிந்து, சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து, 2010இல் வெளியே வந்தான். மேசன் வேலைக்குப் போகிறான். மாதம் ஒருமுறை சிஐடி வந்து விசாரித்துவிட்டுப் போவதால் எவரும் நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. “பக்கத்து வீட்டு மாமிக்கும் அவனைக் கண்டால் ஆகாது. தன்ரை மகனைப் பிடிக்க வந்த வாகனத்திலை இவனும் நிண்டவனாம்.”

“நின்னாரா?”

“நான் கேக்கேல்லை,” என்று அடுத்த ஊக்கை எடுத்தார்.

2003க்கும் 2008க்கும் நடுவில் விடுதலைப் புலிகள் சேர்த்த பிள்ளைகள் என்று யுனிசெஃப் பெயரோடும் ஊரோடும் பதிந்தது 6,000க்கும் மேல். கிழக்கில் 2004இல் பிரிந்துபோன கருணா அணி, அரசுப் படைகளின் கண்ணெதிரிலேயே பிள்ளை பிடித்தது. போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்குப் போன சிறுவர்கள் 594 பேர். இவை எதுவும் ரகசியம் இல்லை. 2012 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க, ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை மீது வந்த ஜெனீவாத் தீர்மானத்தைப் பற்றித்தான் பேச்சு. நானும் ஊர்வலம் போனேன். அதற்காக இப்போதும் வெட்கப்படவில்லை. ஆனால் கோனியின் பிள்ளைகளுக்காகக் கண் கலங்க எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. மொழி தெரியாத ஊரின் கொடுமையைக் கண்டிக்க ஒன்றும் செலவாகாது, நம் பக்கத்து ஆள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்காவின் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

ஓங்வெனிடம் வருகிறேன். படையில் வளர்ந்தான். கோனிக்கு அடுத்த இடத்திலிருந்த வின்சென்ட் ஒட்டியின் ஜாகையில் பழகி, சொன்னதைச் செய்து, சொல்லாததையும் செய்து, சினியா என்ற பிரிகேடுக்குத் தளபதியானான். 2003, 2004இல் பஜுலே, ஓடெக், லுகோடி, அபோக் முகாம்களின் மீது நடந்த தாக்குதல்கள் வழக்கில் அவன் பெயரில் இருக்கின்றன. எரிந்த குடிசைக்குள் குழந்தைகள் கிடந்த முகாம்கள் அவை. பிடித்து வந்த சிறுமிகளை ‘மனைவி’ என்று வீட்டில் வைத்துக்கொண்டான். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்தான், தனக்குச் செய்ததை அப்படியே.

2015 ஜனவரியில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் சரணடைந்தான். 2021 பிப்ரவரி 4 அன்று, சாட்டிய 70 குற்றங்களில் 61 நிரூபணமாயின. மே மாதம் 25 வருடத் தண்டனை. குழந்தையாய்க் கடத்தப்பட்டதைக் கருதித்தான் ஆயுள் தண்டனை கொடுக்கவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். மூவரில் ஒருவர், 30 வருடம் கொடுத்திருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார். மிரட்டலுக்குப் பணிந்துதான் செய்தான், மனநிலை சரியில்லை என்ற இரண்டு வாதங்களும் எடுபடவில்லை. அவனைப் போன்ற பதவியில் இருந்த மற்றவர்கள் தப்பி வந்திருக்கிறார்களே என்று கேட்டது நீதிமன்றம். நியாயமான கேள்விதான். அவன் ‘மனைவி’ என்று வைத்திருந்த ஏழு பெண்களின் சாட்சியத்தின் சுருக்கத்தைப் படித்தபிறகு, தீர்ப்பு தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தப் பத்திகளை எழுதும்போது ஒரு தமிழ்ச் சிக்கலில் மாட்டிக்கொண்டேன். ஒன்பது வயதுக்காரனை ‘அவன்’ என்று எழுதுவது பாசம். அறுபத்தோரு குற்றம் செய்தவனை ‘அவன்’ என்று எழுதுவது வெறுப்பு. நம் பத்திரிகைகளின் க்ரைம் பக்கத்து வழக்கம் அது. நடுவில், வளர்ந்த மனிதருக்கு உரிய ‘அவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஓங்வெனுக்கு அதை எந்த வயதில் போடுவது என்று மேலே போய்த் தேடினேன். இடம் கிடைக்கவில்லை. ஒரு ‘அவனி’லிருந்து இன்னொரு ‘அவனு’க்கு நேராகப் போய்விட்டிருக்கிறேன், வாசிக்கிறவர்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சட்டத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதற்குப் பிறந்தநாள் போதும். 15 வயதுக்குள் படையில் சேர்த்தால் போர்க்குற்றம். 2002இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. நெறிமுறை, ஆயுதக் குழுக்களுக்கு அந்த வரம்பை 18 ஆக்கியது. 18க்குள் செய்ததற்கு சர்வதேச நீதிமன்றம் யாரையும் விசாரிக்காது. 18 முடிந்த மறுநாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளை முழுப் பொறுப்புள்ள ஆள். காட்டில் காலண்டர் இருந்ததா என்பது வேறு விஷயம். பல பேருக்குத் தாங்கள் பிறந்த வருடமே தெரியாது. ஓங்வெனே பிடிபட்டபோது 14 என்று முதல் நாள் நீதிமன்றத்தில் சொன்னான்.

அச்சோலி ஊர்களில் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். காட்டிலிருந்து திரும்பி வந்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு கோழி முட்டையை மிதித்து உடைக்க வேண்டும். ஓபோபோ என்ற வழவழப்பான மரத்தின் கிளை ஒன்று, லயிபி என்ற கோல் ஒன்று, நடுவில் முட்டை. முட்டை, கள்ளமறியாதது. ஓபோபோ, அழுக்கு நீக்க. லயிபி, தானியக் களஞ்சியத்தைத் திறக்கிற கோல். இனி நீயும் இந்த வீட்டுச் சோற்றில் பங்கு என்று அர்த்தம். என்ன செய்தாய் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. குலுவின் மெகா எஃப்.எம். வானொலியில் ‘த்வோக் பாச்சோ’, வீட்டுக்கு வா, என்று ஒரு நிகழ்ச்சி. திரும்பி வந்தவர்களே பேசுவார்கள், நான் உயிரோடு இருக்கிறேன், அடிக்கவில்லை, நீயும் வா என்று. காட்டில் இருந்தவர்கள் ஒளிந்து கேட்பார்கள். நான் போட்ட ஃபேஸ்புக் பதிவை விட அந்த வானொலி எத்தனை பேரை வெளியே கொண்டுவந்திருக்கும்.

இதையும் ஒரேயடியாகக் கொண்டாட மாட்டேன். முட்டையை மிதித்த கால் பக்கத்து வீட்டு வாசலைத் தாண்ட முடியாத கதைகள் நிறைய. 2000இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் திரும்பியவருக்கு மெத்தை, பாத்திரம், மண்வெட்டி, கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகாமில் பாயில் படுத்திருக்க, பறித்த கூட்டத்தில் இருந்தவனுக்கு மெத்தை. யாருக்கு வயிறு எரியாது? காட்டில் பிறந்த குழந்தைகளோடு வந்த பெண்களின் பாடு இன்னும் மோசம். அங்கே நிலம் அப்பன் வழியில் வருவது, அந்தப் பிள்ளைகளுக்கு அப்பன் குலம் இல்லை. இரவில் சிலருக்கு ‘சென்’ பிடித்துக்கொள்ளும், கொல்லப்பட்டவர்களின் ஆவி. மருத்துவர்கள் வேறு பெயர் சொல்வார்கள்.

மன்னிப்புகூட ஆளுக்கொரு விதம். கோனியின் மூத்த தளபதிகளில் சிலருக்கு மன்னிப்புச் சீட்டு கிடைத்து ஊரில் இருக்கிறார்கள். ஓங்வெனைப் போலவே சிறுவனாய்க் கடத்தப்பட்டுத் தளபதியான தாமஸ் க்வொயேலோவுக்கு மறுத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் குலுவில் உகாண்டா நீதிமன்றம் 40 வருடம் தண்டித்தது.

ஓங்வென் 2023 டிசம்பர் முதல் நார்வேயில் சிறையில் இருக்கிறான். இருக்கிறார். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இழப்பீட்டு ஆணை பிறப்பித்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 49,772 பேர். தலைக்கு 750 யூரோ, மீதி கூட்டாகச் செய்ய வேண்டிய மறுவாழ்வு வேலைகள், மொத்தம் 5.24 கோடி யூரோ. அவரிடம் காசில்லை என்பதால் நிதியம் ஒன்று நன்கொடை திரட்டிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அவர் படையில் இருந்த கடத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

கோனி இன்றுவரை பிடிபடவில்லை. ஆளே இல்லாமல் 2025 செப்டம்பரில் தி ஹேக்கில் குற்றச்சாட்டு விசாரணை நடந்தது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் தொடங்குவதே 2002 ஜூலை 1இலிருந்து. அதனால் குற்றச்சாட்டுகளும் அந்தத் தேதியில் தொடங்கி 2005 கடைசியோடு முடிகின்றன. 1987இல் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனது அதில் இல்லை.